மரத்தை அறுத்தவரின் அறிவுக்கு என்ன பெயர்?

எங்கள் குடியிருப்பின் அம்பேத்கர் படிப்பகத்தில் ஒரு பலாமர மேசை இருக்கிறது. எட்டடி நீளம், மூன்றடி அகலம், மூன்றே பலகை. 2014 ஏப்ரல் 14 அன்று அதைப் போட்டார்கள். இன்றுவரை ஒரு பலகைகூட வளையவில்லை. இணைப்புகளில் ஒரு தபால் அட்டையின் விளிம்புகூட நுழையாது. அந்த மேசையில் உட்கார்ந்துதான் நான் முதுகலைத் தேர்வுக்கும், பிறகு நெட் தேர்வுக்கும் படித்தேன். இப்போது உழைப்பு வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன்.

அந்த மரத்தை அறுத்தவர்கள் என் தாத்தாவும் அப்பாவும். காயவைத்தவர் தாத்தா. பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் வரை நான் நிரப்பிய கல்வி உதவித்தொகை விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் 'தகப்பனார் தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்றுதான் எழுதியிருக்கிறேன். வேறு சொல் உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்தச் சொல் எதையெல்லாம் மறைக்கிறது என்பதைத் தோழர்களோடு பேசவே இதை எழுதுகிறேன்.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்தபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும் படுத்துக் கிடந்தன. தோப்பு வைத்திருந்தவர்களுக்கு மரம் போனது. தோப்பில் கொட்டை பொறுக்கியும் பழம் சுமந்தும் வாழ்ந்த எங்கள் மக்களுக்கு வேலையே போனது. மரத்துக்கான நிவாரணம் நிலத்தின் காகிதத்தைப் பார்த்து வரும். காகிதம் இல்லாதவர்களின் இழப்பு எந்தக் கணக்கில் வரும்?

எங்கள் தெருமுனைப் புறம்போக்கில் நின்ற ஒரு பலாமரமும் அன்று சாய்ந்தது. வியாபாரிகள் வந்து பார்த்தார்கள். ஊரெல்லாம் மரம் கிடந்ததால் விறகு விலைக்குக் கேட்டார்கள். தெருக்கூட்டம் போட்டுப் பேசினோம். படிப்பகத்துக்கு மேசை செய்யலாம் என்று முடிவானது. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வாள்பட்டறைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. தாத்தா பரணிலிருந்து தன் பழைய இழுப்பு ரம்பத்தை இறக்கினார்.

குழி அறுப்பைப் பார்த்திராத தலைமுறைக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆள் நிற்கும் ஆழத்துக்கு நீளமாக ஒரு குழி வெட்டுவார்கள். குழியின் மேல் குறுக்குக் கட்டைகள் போட்டு மரத்தை உருட்டி ஏற்றுவார்கள். ஒருவர் மரத்தின் மேல் நிற்பார், இன்னொருவர் குழிக்குள் நிற்பார். ரம்பத்தின் இரு முனையும் இருவர் கையில். மேலே நிற்பவர் கோட்டைப் பார்த்து ரம்பத்தை நடத்துவார். கீழே நிற்பவர் இழுப்பார். ஒவ்வொரு இழுப்புக்கும் மரத்தூள் அவர் முகத்தில் கொட்டும். பலாவில் பால் வேறு. ரம்பம் ஒட்டும்போதெல்லாம் அலகில் மண்ணெண்ணெய் தடவ வேண்டும், அதுவும் கீழே இருப்பவர் மேல்தான் சொட்டும். தாத்தா பன்னிரண்டு ஆண்டுகள் குழிக்குள் நின்று அதன் பிறகுதான் மேலே ஏறினாராம். அன்று குழிக்குள் அப்பா நின்றார். மாலையில் ஆயா அவர் கண்ணில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுப்பதற்கு முன்பு தாத்தா ஒரு வேலை செய்தார். ஒரு கயிற்றால் மரத்தின் சுற்றளவை எடுத்து, அதை நான்காக மடித்தார். மடித்த நீளத்தை அதனாலேயே பெருக்கி, மரத்தின் நீளத்தால் பெருக்கினால் கன அடி. சுற்றளவு 5 அடி, நீளம் 9 அடி. மனக்கணக்கிலேயே "பதினாலு அடி" என்றார். பிறகு, "இது யாவாரி கணக்கு. நெசத்துல மரம் இதைவிடக் கூட இருக்கும்" என்றார். பல ஆண்டுகள் கழித்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உருண்டை மரத்தின் உண்மையான கன அளவு ஏறக்குறைய 18. நான்கு மடிப்புக் கணக்கு எப்போதும் உண்மையில் 78.5 விழுக்காட்டைத்தான் காட்டும். அறுப்பில் வீணாகும் மரத்துக்கு ஈடு என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். அந்தக் கழிவு யார் பக்கம் சாய்கிறது என்பது பள்ளிக்கூடம் போகாத தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து, மரத்தின் இரண்டு வெட்டுமுகங்களிலும் சாணியும் செம்மண்ணும் குழைத்துக் கெட்டியாகப் பூசினார். மரத்தின் நீர்க்குழாய்கள் நீளவாட்டில் ஓடுகின்றன. ஆகவே வெட்டுமுகத்தின் வழியே ஈரம் மற்றப் பக்கங்களைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாக வெளியேறும். முனை முதலில் காய்ந்து சுருங்கும், நடு சுருங்காது, முனை வெடிக்கும். இன்று மரத்தொழிற்சாலைகள் இதற்கு மெழுகுப் பூச்சு வாங்குகின்றன. தாத்தாவின் பூச்சுக்குச் செலவு இல்லை.

கரிநூல் அடித்து, இரண்டங்குலக் கனத்தில் ஏழு பலகை அறுத்தார்கள். மரத்தின் நடுக்குருத்து ஒரே பலகைக்குள் வருமாறு கோடு போட்டிருந்தார். பிறகு அந்தப் பலகையை மட்டும் நீளவாக்கில் பிளந்து குருத்தை எடுத்துப்போட்டார். குருத்து உள்ள பலகை காயும்போது கட்டாயம் பிளக்கும் என்றார். வெளுத்த வெளிற்றுப் பகுதியையும் கழித்தார்; பூச்சிக்குப் பிடித்த மாவு அங்கேதான் இருக்கும். மஞ்சளாய் மின்னிய வைரப்பகுதி மட்டும் மிஞ்சியது.

இதற்குப் பிறகுதான் சண்டை தொடங்கியது.

தெரு இளைஞர்கள் 2012 ஏப்ரல் 14க்குள் மேசை வேண்டும் என்றார்கள். அப்போது எனக்கும் அந்த ஆசைதான். தாத்தா முடியாது என்றார். "அங்குலத்துக்கு ஒரு வருசம். ரெண்டங்குலம், ரெண்டு வருசம்." கூட்டத்தில் ஒருவர், "ஆசாரியே மூணு மாசம் போதும்கிறார், அறுக்கிறவரு ரெண்டு வருசம்கிறாரே" என்றார். எங்கள் ஆள்தான் அப்படிச் சொன்னார். தாத்தா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பலகைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல் கட்டினார். அதன் மேல் முதல் பலகை. அதன் மேல் இரண்டடிக்கு ஒன்றாக ஒரே கனமுள்ள குறுக்குச் சட்டங்கள். அதன் மேல் அடுத்த பலகை. சட்டங்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும் என்று என்னைத் தூக்குநூல் பிடிக்கச் சொன்னார். "சட்டம் வெலகினா பலகை அங்க வளையும், பாப்பா." மேலே தென்னங்கீற்றுக் கூரை. பக்கங்கள் திறப்பு, காற்று போக வேண்டும், வெயில் விழக்கூடாது. உச்சியில் பாரத்துக்குக் கருங்கல்.

ஒரு சிறிய பலகைத் துண்டைத் தனியாக அந்த அடுக்குக்குள்ளேயே செருகி வைத்திருந்தார். மாதம் ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு மளிகைக்கடைத் தராசுக்குப் போவார். எடையை நான் என் நோட்டில் எழுத வேண்டும். முதல் சில மாதங்கள் எடை மடமடவென்று இறங்கியது. "இப்ப எடை போகும், மரம் அசையாது. அதுக்கப்புறந்தான் முறுக்கும்" என்றார். இரண்டு கோடை தாண்டி, அடுத்தடுத்து மூன்று மாதங்கள் எடை மாறாமல் நின்றபோது, "இனி எடுக்கலாம்" என்றார்.

ஆய்வுக்கு வந்த பிறகு மர அறிவியல் பாடநூல்களைப் படித்தேன். மரத்தில் நீர் இரண்டு வகையாக இருக்கிறது. செல்லின் குழிக்குள் தேங்கிய நீர் ஒன்று, செல் சுவரோடு பிணைந்த நீர் இன்னொன்று. முதலாவது வெளியேறும்போது எடை குறையும், அளவு மாறாது. ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே சுவரின் நீர் வெளியேறும், மரம் சுருங்கும். வளையத்தின் போக்கில் ஏற்படும் சுருக்கம் ஆரத்தின் போக்கில் ஏற்படுவதைப்போலப் பொதுவாக இரண்டு மடங்கு என்பதால்தான் பலகை வளைகிறது. மாதிரித் துண்டை நிறுத்து, எடை மாறாத நிலையை வைத்து உலர்வை முடிவு செய்வது ஆய்வகங்களில் இன்றும் உள்ள முறை. தாத்தா சொன்ன "எடை போகும், மரம் அசையாது" என்ற நான்கு சொல்லில் அந்தப் பாடத்தின் முதல் பாதி இருக்கிறது.

மேசை செய்ய வந்த ஆசாரி நல்ல மனிதர், நல்ல தொழிலாளி. பலகையைத் தட்டிப் பார்த்தார், இழைப்புளி ஓட்டிப் பார்த்தார். "எந்த மில்லுல பதம் பண்ணுனது?" என்று கேட்டார். தாத்தாவைக் காட்டினோம். அவர் உண்மையிலேயே வியந்தார். "அறுக்கிறவங்களுக்கு இதெல்லாமா தெரியும்?" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அந்தப் பாராட்டுக்குள் இருக்கும் வரிசையைத்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

அதே 2012 தை மாதம், ஊர்த்தெருவில் தோப்பு வைத்திருந்த ஒருவர் வீட்டுக்கும் தாத்தாவும் அப்பாவும் பலா அறுத்துக் கொடுத்தார்கள். அறுத்த மறுவாரமே கதவு போட வேண்டும் என்றார் வீட்டுக்காரர். மரம் பச்சை, பொறுங்கள் என்று தாத்தா சொன்னார். "அறுக்கிறதோட உன் வேலை முடிஞ்சுது, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்று பதில் வந்தது. சித்திரை வெயிலில் கதவு முறுக்கிக்கொண்டது, நிலையில் உட்காரவில்லை. அறுப்பு சரியில்லை என்று சொல்லி மீதிக் கூலியை நிறுத்திக்கொண்டார்கள். தாத்தா இறக்கும்வரை அந்தப் பணம் வரவில்லை. அறிவைச் சொன்னபோது கேட்க மறுத்தார்கள். அறிவின்மைக்கான தண்டனையை மட்டும் அவர் தலையில் கட்டினார்கள். சாதி தினசரி வாழ்வில் இயங்கும் முறை இது.

சாதி வெறும் வேலைப் பிரிவினை மட்டுமில்லை, அது உழைப்பவர்களையே ஒருவருக்கு மேல் ஒருவராக அடுக்கிப் பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் விளக்கினார். ஒரு மரக்கட்டை மேசையாகும் பாதையில் அந்த அடுக்கை அப்படியே பார்க்கலாம். வெட்டுபவர், உருட்டுபவர், சுமப்பவர், அறுப்பவர், அடுக்கிக் காய வைப்பவர், இழைப்பவர், செதுக்குபவர். இறுதி இரண்டு இடங்களுக்குக் 'கலை' என்றும் 'கைவினை' என்றும் பெயர். அதற்கு முந்தையவை எல்லாம் 'கூலி'. எந்த இடத்தில் கோடு போடப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். திறமை முடியும் இடத்தில் அது போடப்படவில்லை. பதமாகாத பலகையில் எந்தச் சிற்பியும் செதுக்க முடியாது. கோடு விழுவது பெரும்பாலும் சாதி மாறும் இடத்தில்.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடல் பலாமரம். அதன் தோலைப் பதப்படுத்திக் கட்டும் தலித் கலைஞர்களைப் பற்றி 2020இல் டி.எம்.கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதினார். அதன் வெளியீட்டுக்குத் தந்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. கருவியைச் செய்தவர்களின் பெயரைச் சொல்லும் நூலுக்கே மேடை மறுக்கப்படும் நாட்டில், அந்தக் கருவிக்கான மரத்தை அறுத்தவரின் பெயர் எங்கே வரும்?

தேரையும் சொல்ல வேண்டும். இலுப்பையும் வேங்கையும் தேக்கும் தேராகின்றன. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தலித்துகள் வடம் பிடிக்கும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராட்டமும் வழக்கும் நடந்தன. தேரே ஓடாமல் நின்றது. 2024 ஜூனில்தான் எல்லாத் தரப்பினரும் வடம் பிடிக்கத் தேர் ஓடியது. வடத்துக்கான போராட்டம் நியாயமானது, தேவையானது. மரம் காட்டில் இருக்கும்போதும் வண்டியில் இருக்கும்போதும் குழியின் மேல் இருக்கும்போதும் நம் கை பட்டால் தீட்டு இல்லை. அதே மரத்துக்குச் சக்கரமும் சாமியும் வந்த பிறகு தீட்டு வந்துவிடுகிறது. இந்த அபத்தத்தையும் சேர்த்தே நாம் கேள்வி கேட்க வேண்டும்.

இப்போது அரசுத் திட்டங்களுக்கு வருவோம். ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று 'பிரதமர் விஸ்வகர்மா' திட்டத்தைத் தொடங்கியது. தந்தை பெரியாரின் பிறந்தநாள் அது. தமிழ்நாடு அதைச் சமூகநீதி நாளாகக் கடைப்பிடிக்கிறது. திட்டத்தில் 18 தொழில்கள். 18 வயதிலேயே சேரலாம். குடும்பவழிப் பாரம்பரியத் தொழிலாக இருக்க வேண்டும். கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் அப்பன் தொழிலுக்குப் போ என்று கடன் கொடுத்து அழைப்பதற்கும், 1953இல் ராஜாஜி கொண்டுவந்து மக்கள் எதிர்ப்பால் அடுத்த ஆண்டே கைவிடப்பட்ட குலக்கல்வித் திட்டத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கு, வயதை 35 ஆக உயர்த்து என்று தமிழ்நாடு கேட்டது. ஒன்றிய அரசு ஏற்காததால், 2024 நவம்பரில் இத்திட்டத்தை இப்போதைய வடிவில் செயல்படுத்த மாட்டோம் என்று எழுதியது. 2025 ஏப்ரலில் சாதி, குடும்ப நிபந்தனை இல்லாமல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. இவை வரவேற்க வேண்டிய முடிவுகள்.

ஆனால் அந்த 18 தொழில்களின் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். தச்சர் இருக்கிறார், படகு கட்டுபவர் இருக்கிறார், சிற்பி இருக்கிறார். மரம் அறுப்பவர் இல்லை. அப்பன் தொழிலையே செய் என்று சொல்லும் திட்டம்கூட, என் அப்பா செய்ததைத் தொழிலாக ஏற்கவில்லை. சாதி நம்மை ஒரு வேலைக்குள் அடைக்கும்; அந்த வேலையைத் தொழில் என்று ஒப்புக்கொள்ளவும் மறுக்கும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இந்த வேலையை ஏன் இவ்வளவு கொண்டாட வேண்டும்? குழியிலிருந்து வெளியேறியதுதானே விடுதலை? என் நெறியாளரின் கருத்தரங்கில் ஒரு தோழர் இதைக் கேட்டார். அவர் கேட்டது சரி. குழிக்குள் யாரும் திரும்பிப் போகத் தேவையில்லை. பட்டை ரம்பம் வந்து குழி அறுப்பு ஒழிந்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. மரத்தூளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருளாக அறிவித்துவிட்டது. என் அப்பா எத்தனை ஆண்டுகள் அதைச் சுவாசித்தார் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. வாள்பட்டறைகளில் இன்றும் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். இதில் அழகு தேட எதுவும் இல்லை.

நகரங்களில் வார இறுதி மரவேலைப் பயிற்சிகள் நடக்கின்றன. ஒன்றுக்குப் போயிருந்தேன். மரத்தோடு பேசுவது, மரத்தின் ரேகையைப் படிப்பது என்றெல்லாம் அழகாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பலகை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கடையிலிருந்து என்றார்கள். அந்த ரசனை யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. ஆனால் அது முழுக் கதையில் பாதியைத்தான் அறிந்திருக்கிறது.

நான் கேட்பது வேறு. வேலையின் இழிவையும் நோயையும் ஒழிப்போம். அதில் விளைந்த அறிவை நம் கணக்கில் எழுதுவோம். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தெருக்கூட்டமே சாட்சி. ஆசாரி சொன்னால் அறிவு, அறுக்கிறவர் சொன்னால் பிடிவாதம் என்று எங்கள் மக்களே நினைத்தார்கள். நமக்கு மூளை வேலை வராது என்ற பொய்யை மற்றவர்கள் சொல்லும்போது எதிர்க்கிறோம். நம் பாட்டன்கள் உடல் உழைப்பு மட்டும்தான் செய்தார்கள் என்று நாமே சொல்லும்போது அதே பொய்யைச் சொல்கிறோம். முதல் தலைமுறைப் பட்டதாரி என்பது உண்மை. முதல் தலைமுறை அறிவாளி என்பது உண்மை இல்லை.

எனவே சில கோரிக்கைகள். அரசின் தொழிற்பட்டியல்களிலும் கைவினைத் திட்டங்களிலும் மரம் அறுப்பதையும் பதப்படுத்துவதையும் திறன் சார்ந்த தொழிலாகச் சேர்க்க வேண்டும். குடும்பமோ சாதியோ நிபந்தனையாக இருக்கக்கூடாது. தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சுப் பிரிவு மாணவர்கள் மரத்தை அறுப்பதிலிருந்து உலர்த்துவது வரை கற்க வேண்டும். எந்தச் சாதிப் பிள்ளையும் தூள் படும் இடத்திலும் நிற்கட்டும், உளி பிடிக்கும் இடத்திலும் உட்காரட்டும். வாள்பட்டறைகளில் தூள் உறிஞ்சும் கருவியும் முகக்கவசமும் ஆண்டுக்கொருமுறை மருத்துவப் பரிசோதனையும் கட்டாயமாக வேண்டும். ஆய்வாளத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு நோட்டோடு உட்காருங்கள். எத்தனை ஆண்டுகள் அடிமைப்பட்டீர்கள் என்று கேட்பதோடு, என்னவெல்லாம் தெரியும் என்றும் கேளுங்கள்.

தாத்தா 2019இல் இறந்தார். ரம்பம் படிப்பகச் சுவரில் தொங்குகிறது. எடை எழுதிய என் நோட்டும் அங்கே இருக்கிறது. சென்ற ஆண்டு என் தம்பியின் கல்லூரிச் சேர்க்கைக்கு இணையத்தில் விண்ணப்பம் நிரப்பினேன். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'மரம் அறுப்பவர்' என்று எழுதப் பார்த்தேன். எழுத முடியவில்லை, கொடுத்திருந்த பட்டியலிலிருந்து ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியல் முழுவதும் தேடினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "கூலின்னே போட்டுடும்மா, நேரமாவுது" என்றார். நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன். விண்ணப்பத்தை மறுநாள்தான் அனுப்பினோம், 'கூலி' என்று போட்டு.